லீனியர் அல்ஜீப்ரா: கணக்கு போடுற கோர்ஸா, ப்ரூஃப் எழுதுற கோர்ஸா?

நிறைய யூனிவர்சிட்டில லீனியர் அல்ஜீப்ரான்னு ரெண்டு கோர்ஸ் ஓடும். எம்.ஐ.டி-ல 18.06-ன்னு ஒண்ணு, 18.700-ன்னு இன்னொண்ணு, ரெண்டுக்குமே பேரு லீனியர் அல்ஜீப்ராதான். முதல்ல சொன்னது மேட்ரிக்ஸ வச்சு கணக்கு போட்டு பழகுறது, அடுத்தது வெக்டர் ஸ்பேஸ்ல (ஒண்ணோட ஒண்ணு கூட்டவும், எண்ணால பெருக்கவும் முடியற பொருட்களோட தொகுப்பு) ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா நிரூபிச்சுகிட்டே போறது. எதை எடுக்கறதுன்னு வரும்போது "எது ஈஸி"ன்னு சீனியர்கிட்ட கேட்டு முடிவு பண்றவங்கதான் அதிகம். நானும் அப்படிக் கேட்டுத்தான் கணக்கு கோர்ஸ எடுத்தேன், அடுத்த வருஷம் ப்ரூஃப் கோர்ஸையும் எடுத்தேன். ரெண்டையும் முடிச்சதுக்கப்புறம் எனக்குத் தோணுறது, ஈஸியா கஷ்டமாங்கிறதே கேக்க வேண்டிய கேள்வி இல்ல, எதை நம்மளா தனியா உக்காந்து கத்துக்க முடியும், எதுக்கு கண்டிப்பா இன்னொருத்தர் வேணும்னு பாக்கணும்.

முதல்ல கணக்கு கோர்ஸ். மூணு ஈக்வேஷன், மூணு வேரியபிள், ரோ ரிடக்‌ஷன் (ஒரு ரோவ இன்னொண்ணுலேருந்து கழிச்சு சைபர் ஆக்கிட்டே போறது), பிவட் (அப்படி முடிச்சதும் ஒரு ரோல முதல்ல நிக்கிற சைபர் இல்லாத எண்), ஃப்ரீ வேரியபிள் (நம்ம இஷ்டத்துக்கு மதிப்பு குடுக்கக்கூடியது), இப்படித்தான் ஆரம்பிக்கும். முதல் ரெண்டு மூணு வாரம் ஸ்கூல்ல படிச்சதுதானேன்னு இருக்கும், அந்த நினைப்புல அசைன்மென்ட்ட தள்ளிப்போட்டா ஆர்த்தோகனாலிட்டி (வெக்டர்கள் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருக்கறது) வரும்போது மாட்டிக்குவீங்க. ஆனா இந்த கோர்ஸ் கைக்கு ஒரு பழக்கம் குடுக்கும், அதோட மதிப்பு சாதாரணம் இல்ல. எது வேகமா ஓடும் எது ஓடவே ஓடாதுன்னு புரிய ஆரம்பிக்கும். 20-க்கு 20 மேட்ரிக்ஸ் ஒண்ணோட டிட்டர்மினன்ட்ட ஸ்கூல்ல சொல்லிக்குடுத்த மாதிரி கோஃபேக்டர் வச்சு முழுசா விரிச்சா 24,000 கோடி கோடிக்கு மேல டெர்ம் வரும், அதையே ரோ ரிடக்‌ஷன் பண்ணி மேல்முக்கோணமா ஆக்கி டயகனல பெருக்கினா 3,000 பெருக்கல் வகுத்தலுக்குள்ள வேலை முடிஞ்சிடும். இதைப் பாத்ததுக்கப்புறம் ரோ ரிடக்‌ஷன் ஏதோ பரீட்சைக்கு வர்ற வேலைன்னு தோணவே தோணாது. லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (டேட்டாவுக்கு ரொம்ப கிட்டக்க பொருந்துற கோடு கண்டுபிடிக்கிறது), ஐகன்வேல்யூ (மேட்ரிக்ஸ் சில வெக்டர அதே கோட்டுலயே வச்சு எத்தனை மடங்கு ஆக்குதுங்கிற எண், அந்த வெக்டர்தான் ஐகன்வெக்டர்), நல்ல சிலபஸா இருந்தா எஸ்விடி (ஒரு மேட்ரிக்ஸ மூணு எளிய மேட்ரிக்ஸோட பெருக்கலா பிரிக்கிறது) வரைக்கும் போவாங்க. டேட்டா சைன்ஸ், சிக்னல், கிராஃபிக்ஸ், எந்தப் பக்கம் போனாலும் இதெல்லாம் நேரா கைகுடுக்கும்.

இதுல குறை என்னன்னா, புரியாமலே நல்ல மார்க் வாங்க முடியும். நான் வாங்கினேன். அடுத்த செமஸ்டர் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் கிளாஸ்ல, மூணாம் டிகிரி வரைக்கும் உள்ள பாலினாமியல் எல்லாம் ஒரு வெக்டர் ஸ்பேஸ், டிஃபரென்ஷியேட் பண்றது அதுல ஒரு லீனியர் மேப் (கூட்டலையும் எண்ணால பெருக்கறதையும் கலைக்காத ஃபங்ஷன்), அதுக்கு மேட்ரிக்ஸ் எழுதுன்னாங்க, கை ஓடல. எனக்கு வெக்டர்னா நம்பரெல்லாம் வரிசையா நிக்கிற ஒரு காலம் (நெடுவரிசை), அவ்வளவுதான். 1, எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் க்யூப் நாலும் சேர்ந்து ஒரு பேஸிஸ் (இதுகள வச்சே மத்த எல்லாத்தையும் ஒரே ஒரு வழியில எழுதலாம், எத்தனை இருக்கோ அதுதான் டைமென்ஷன்), ஒவ்வொண்ணையும் டிஃபரென்ஷியேட் பண்ணா என்ன வருதோ அதுதான் மேட்ரிக்ஸோட ஒவ்வொரு காலம்னு பிடிபட ஒரு வாரம் ஆச்சு. டிஃபரென்ஷியேட் பண்ணா கான்ஸ்டன்ட் மட்டும் சைபர் ஆகும், அதனால கெர்னலோட (சைபர் ஆகிறதெல்லாம்) டைமென்ஷன் 1, இமேஜோட (விடையா வர்றதெல்லாம்) டைமென்ஷன் 3, கூட்டினா 4. போன செமஸ்டர் முழுக்க "பிவட் காலமும் ஃப்ரீ காலமும் சேர்ந்தா மொத்த காலம்"னு நான் எண்ணிகிட்டு இருந்தது இதேதான், ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு யாரும் சொல்லல.

ப்ரூஃப் கோர்ஸ் அங்கதான் ஆரம்பிக்குது. 1888-ல இத்தாலிய கணித மேதை பியானோ எழுதி வச்ச மாதிரியான வெக்டர் ஸ்பேஸ் டெஃபனிஷன், எட்டு ஆக்ஸியம் (நிரூபிக்காம ஏத்துக்கிற விதி), சைபர் வெக்டர் ஒண்ணே ஒண்ணுதான்னு நிரூபி, இப்படியே முதல் மாசம் போகும், இதெல்லாம் எதுக்குன்னு எரிச்சல் வரும். பொறுத்துக்கணும். ஸ்பேன் (சில வெக்டர வச்சு உண்டாக்கக்கூடியதெல்லாம்), இன்டிபென்டன்ஸ் (ஒண்ண மத்தத வச்சு எழுத முடியாம இருக்கறது, முடிஞ்சா டிபென்டன்ட்), டைமென்ஷன் மூணும் கைக்கு வந்துட்டா அப்புறம் வர்றது ரொம்ப அழகா இருக்கும்.

ஒரு உதாரணத்த கிட்டக்க பாப்போம். முதல் ரோ 2, 1, ரெண்டாவது ரோ 1, 2, இப்படி ஒரு மேட்ரிக்ஸ். கணக்கு கோர்ஸ்ல டயகனல்ல லாம்டாவ கழிச்சு, டிட்டர்மினன்ட்ட சைபர்னு வச்சு, 3-ம் 1-ம் ஐகன்வேல்யூன்னு அரை நிமிஷத்துல எழுதிடுவோம். ப்ரூஃப் கோர்ஸ்ல டிட்டர்மினன்ட்டே வராம இதையே காட்டினாங்க. (1, 0)-ன்னு ஏதோ ஒரு வெக்டர் எடுத்துக்கோங்க. மேட்ரிக்ஸால ஒரு தடவை அடிச்சா, அதாவது பெருக்கினா, (2, 1), இன்னொரு தடவை அடிச்சா (5, 4). ரெண்டு டைமென்ஷன்ல மூணு வெக்டர் இருந்தா அது டிபென்டன்ட்டா இருந்தே ஆகணும், அதனால கடைசி வெக்டர முதல் ரெண்ட வச்சு எழுதிப் பாத்தா, (2, 1)-அ நாலால பெருக்கி அதுலேருந்து (1, 0)-அ மூணு தடவை கழிச்சா சரியா (5, 4) வருது. அப்போ மேட்ரிக்ஸ எக்ஸ்னு வச்சா எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் ப்ளஸ் 3, ஃபேக்டர் பண்ணா சைபர் ஆகிற இடம் 3-ம் 1-ம். இதோட நிக்கல. ஒரு தடவை அடிச்சு வந்த (2, 1)-லேருந்து (1, 0)-அ கழிங்க, (1, 1) வரும். அதை மேட்ரிக்ஸால அடிச்சா (3, 3), அதாவது அதோட மூணு மடங்கு. ஐகன்வெக்டரே கையில வந்து விழுந்துடுச்சு! காம்ப்ளெக்ஸ் நம்பர் மேல உள்ள எந்த ஃபைனைட் டைமென்ஷன் ஸ்பேஸ எடுத்தாலும், சைபர் ஸ்பேஸ் மட்டும் இல்லாம இருந்தா, ஆபரேட்டருக்கு (ஒரு ஸ்பேஸ்லேருந்து அதே ஸ்பேஸுக்குப் போற லீனியர் மேப்) ஒரு ஐகன்வேல்யூ கண்டிப்பா இருக்கும்ங்கிறதுக்கு ப்ரூஃப் முழுக்கவே இதே ஐடியாதான். ஷெல்டன் ஆக்ஸ்லர்ங்கிற கணிதப் பேராசிரியர் 1995-ல டிட்டர்மினன்ட்ட ஓரமா வைக்கணும்னு ஒரு கட்டுரையே எழுதினாரு, அதுல இருக்கறதும் இந்த வழிதான். ஐகன்வேல்யூன்னா ஒரு ஃபார்முலாங்கிற நினைப்பு எனக்கு அன்னைக்குப் போச்சு.

நேரம் எவ்வளவு பிடிக்கும்னு கேட்டா, கணக்கு கோர்ஸ் அசைன்மென்ட் ஒரே ராத்திரில முடியும், மைனஸ் ஒண்ணு விட்டுப்போச்சுன்னா மறுபடி முதல்லேருந்து. ப்ரூஃப் கோர்ஸ்ல அஞ்சே கேள்விதான் இருக்கும், ஆனா ஒண்ணுக்கே ஒரு சாயங்காலம் போகும், அதுவும் தெளிவா யோசிக்கிற சாயங்காலமா இருக்கணும்.

எனக்கு முக்கியமா படுற வித்தியாசம் இதுதான். கணக்கு தப்பா சரியான்னு நீங்களே பாத்துக்கலாம், வந்த விடைய திருப்பிப் பெருக்கிப் பாத்தா போதும். ப்ரூஃப் அப்படி இல்ல. எழுதினவங்களுக்கு எப்பவுமே சரின்னுதான் தோணும், ஓட்டை எங்கன்னு இன்னொருத்தர் படிச்சு சிவப்புல வட்டம் போட்டு "இது எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டாதான் தெரியும். இன்டிபென்டன்ட்டா இருக்குன்னு நிரூபிக்கச் சொன்ன இடத்துல, இன்டிபென்டன்ட்னே எடுத்துகிட்டு ஆரம்பிச்சு நான் நாலு அசைன்மென்ட் எழுதியிருக்கேன், திருத்தினவர் விடாம ஒவ்வொரு தடவையும் வட்டம் போட்டாரு, அதுக்கப்புறம்தான் அந்தத் தப்பு நின்னுச்சு.

அதனால ஒரே ஒரு கோர்ஸ்தான் எடுக்க முடியும், அதோட இதுக்கு முன்னாடி கொஞ்சமாவது ப்ரூஃப் எழுதிப் பழக்கம் இருக்குன்னா, நான் ப்ரூஃப் கோர்ஸத்தான் எடுக்கச் சொல்லுவேன். கணக்குப் பகுதிய எம்.ஐ.டி பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கோட 18.06 வீடியோ பாத்து தனியாவே கத்துக்கலாம், எல்லாம் ஃப்ரீயா இருக்கு, கூடவே பேப்பர்ல போட்டுகிட்டே பாத்தா நல்லாவே வரும். இதையே திருப்பிப் போட்டா, அதாவது கணக்க கிளாஸ்லயும் ப்ரூஃப வீட்லயும் படிக்கலாம்னா, ரொம்பப் பேருக்கு வராது. ப்ரூஃப் எழுதினதே இல்லன்னா, இல்ல அடுத்த செமஸ்டரே மெஷின் லேர்னிங், கன்ட்ரோல்ஸ் மாதிரி ஏதாவது வருதுன்னா, யோசிக்காம கணக்கு கோர்ஸ எடுங்க. ரெண்டும் எடுக்க முடிஞ்சா கணக்கு முதல்ல, ப்ரூஃப் ரெண்டாவது, நடுவுல ரொம்ப இடைவெளி விடாதீங்க.

சில இடத்துல பைத்தான்ல ப்ரோகிராம் எழுதுற மூணாவது வகையும் இருக்கு. 5-க்கு 5-லேருந்து ஐகன்வேல்யூக்கு பொதுவான ஃபார்முலா கிடையாது, அஞ்சாம் டிகிரிக்கு இல்லன்னு 1824-லயே நார்வே கணித மேதை ஏபல் நிரூபிச்சுட்டாரு, அதனால கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமா நெருங்கித்தான் போகுதுங்கிற விஷயத்த அங்கதான் ஒழுங்கா சொல்லித்தருவாங்க. ஆனா முதல் கோர்ஸா அது வேணாம், மேல சொன்ன ரெண்டுல ஒண்ணு முடிச்சுட்டுப் போங்க.

எதை எடுத்தாலும் ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி போன வருஷ ஃபைனல் எக்ஸாம் பேப்பர ஒரு தடவை வாங்கிப் பாருங்க, கோர்ஸ் பேர வச்சு எதுவும் தெரியாது. ப்ரூஃப் கோர்ஸ்னா கூடவே இன்னொண்ணும் விசாரிங்க: அசைன்மென்ட்ட வரி வரியா படிச்சுத் திருத்தித் தருவாங்களா, இல்ல வெறும் மார்க் மட்டும் போட்டு திருப்பிக் குடுப்பாங்களா?