ஃபிஷ்பேஸின் நீளம்–எடைப் பக்கம்: திருகோணமலை ஆழ்கடல் மீனுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

திருகோணமலையின் கோட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் படகு கட்டியதும் மீன் கைமாறும் வேகத்தில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க ஒருவரும் விடமாட்டார்கள். வியாபாரிக்கு மொத்தக் கிலோதான் கணக்கு. பலகையில் வைத்து நீளம் எடுக்க மட்டும் அரை நிமிஷம் கிடைக்கும். அந்த நீளத்தை எடையாக்கத்தான் பலரும் ஃபிஷ்பேஸ் என்ற மீன்களின் இணையத் தரவுத்தளத்துக்குப் போகிறார்கள். கரையோரத்துப் பாரைக்கும் சூரைக்கும் அது பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். குடாவுக்குள்ளிருந்தே சரியத் தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கின் ஓரத்தில், 200 மீற்றருக்குக் கீழே இருந்து ஏறும் மீன்களுக்கு அதே பக்கத்தை எப்படிப் பாவிப்பது என்பதே இந்த மதிப்புரை.

1996 முதல் இணையத்தில் இருக்கும் இலவசச் சேவை இது. மீன் விஞ்ஞானிகளான ரைனர் ஃப்ரோசே, டானியல் பாலி இருவரும் தொடக்கி வைத்தது. இன்று 35,000க்கும் மேற்பட்ட மீனினங்கள் உள்ளன. பதிவு செய்யத் தேவையில்லை, சாதாரணக் கைத்தொலைபேசியிலும் திறக்கும். விஞ்ஞானப் பெயரால் தேடுவதே நல்லது. தமிழ்ப் பெயர்கள் சிலவும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன, ஆனால் ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு மீனைக் குறிக்கும். கலவாய் என்று தேடி முடிவெடுத்தால் எந்தக் கலவாய் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கணக்கு எளியது: எடை = ஏ × நீளத்தின் பி அடுக்கு. நீளம் செ.மீ., எடை கிராம். பி எப்போதும் 3ஐச் சுற்றியே நிற்கும், 2.7க்கும் 3.4க்கும் வெளியே ஓர் எண் வந்தால் முதலில் தரவைச் சந்தேகியுங்கள், பிறகு மீனை. உடல் வடிவத்தைச் சொல்வது ஏ. ஃப்ரோசேயும் உடனாசிரியர்களும் 2014இல் வெளியிட்ட பொது மதிப்புகளை 40 செ.மீ. முழு நீளத்துக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். விலாங்கு வடிவத்துக்கு ஏ 0.00102, பி 3.06, மீன் 81 கிராம். நீண்டு ஒடுங்கிய உடலுக்கு 0.00389, 3.12, 388 கிராம். நடுப் பருத்து இரு முனையும் ஒடுங்கிய கதிர் வடிவத்துக்கு 0.0112, 3.04, 831 கிராம். குட்டையாய் உயர்ந்த உடலுக்கு 0.01995, 3.01, 1,325 கிராம். நீளம் ஒன்றுதான், எடை பதினாறு மடங்கு விரிகிறது. வடிவத்தைத் தவறாகப் பிடித்தால் பியை மூன்றாம் தசமம் வரை திருத்துவதில் ஒரு பயனுமில்லை.

பக்கத்தில் இரண்டு இடங்களில் எண் கிடைக்கும். இனத்தின் முதற்பக்க அடியில் பேய்சியன் முறையில் (முன்பே தெரிந்ததையும் கிடைத்த தரவையும் சேர்த்து மதிப்பிடும் புள்ளிவிவர முறை) கணித்த ஏ, பி இரண்டும் வீச்சோடு இருக்கும். அந்த வரி முடியும் இடத்தைக் கட்டாயம் வாசியுங்கள். இந்த இனத்தின் சொந்த ஆய்வுகளை வைத்துக் கணித்ததா, குடும்பத்தையும் உடல் வடிவத்தையும் மட்டும் வைத்து ஊகித்ததா என்று அங்கே சொல்லியிருக்கும். ஆழ்கடல் இனங்கள் பலவற்றுக்கு இரண்டாவதுதான். ஊகித்த எண் பொய்யல்ல, நாகரிகமான ஊகம். ஆனால் அதை வைத்து “இந்த வருஷ மீன் மெலிந்துவிட்டது” என்று அறிக்கை எழுத முடியாது. மற்ற இடம் நீளம்–எடை அட்டவணை. ஒவ்வோர் ஆய்வும் ஒரு வரி: ஏ, பி, ஆணா பெண்ணா, நீள வீச்சு, நீள வகை, மாதிரி எண்ணிக்கை, நாடு. சந்தேகத்துக்குரிய பதிவுகளைத் தளமே குறித்து வைத்திருக்கிறது. இந்த அட்டவணைதான் சேவையின் உண்மையான பெறுமதி, முதற்பக்க எண்ணல்ல.

அட்டவணையில் ஒரு வரியின் ஏயையும் இன்னொரு வரியின் பியையும் சேர்த்து எடுக்கக் கூடாது. இரண்டும் எதிரெதிராக ஆடும்: குறுகிய நீள வீச்சில் செய்த ஆய்வில் பி ஏறினால் ஏ இறங்கி அதை ஈடுகட்டும். சோடியாகவே எடுக்க வேண்டும். உங்கள் மீனின் நீளம் அந்த ஆய்வின் வீச்சுக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள்.

இனி முக்கியமான இடம், நீள வகை. பேய்சியன் எண்கள் முழு நீளத்துக்கானவை, அதாவது மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை. துறைமுகத்திலோ வால் இரண்டாகப் பிரியும் கவை வரைதான் (கவை நீளம்) அளப்பார்கள், ஏனென்றால் வால் நுனி நம்பகமாக இருப்பதில்லை. வால் இதழ் நீளத்தால் முழு நீளம் கவை நீளத்தைவிடப் பத்து வீதம் கூடிய ஒரு கதிர் வடிவ மீனை எடுத்துக்கொள்வோம். கவை நீளம் 40ஐ அப்படியே போட்டால் 831 கிராம். சரியான முழு நீளம் 44ஐப் போட்டால் 1,110 கிராம். கால்வாசி எடை வாலோடு போய்விட்டது! இதைத் திருத்த நீளம்–நீளம் என்ற தனி அட்டவணை உள்ளது. கவையிலிருந்து முழு நீளத்துக்கு மாற்றும் சமன்பாடு அதில் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் கவை நீளத்துக்கே செய்த ஆய்வு வரியைத் தேடுங்கள்.

எட்டெலிஸ் கொரஸ்கன்ஸ் என்ற ஆழத்துச் சிவப்பு மீனில் இந்தப் பிரச்சினை உச்சத்துக்குப் போகும். வாலின் மேல் இதழ் நூல் போல நீண்டு நிற்கும். ஐஸ் பெட்டியில் முதலில் முறிவது அதுதான். முறியாத மீனில்கூட அந்த நுனிக்கு எடையே இல்லை. இந்த மீனுக்கு முழு நீளமே எடுக்க வேண்டாம். அதே பிரிவில் பிரிஸ்டிபோமாய்டஸ் இனங்கள் ஓரளவு தொந்தரவு தராதவை. கவை நீளம் போதும்.

எலிவால் மீன்களோ கதையையே மாற்றுகின்றன. அடிமடி இழுவையில் ஏறும்போது ஒல்லியான வால் முறிந்திருக்கும், அல்லது எப்போதோ முறிந்து திரும்ப வளர்ந்திருக்கும். முழு நீளம் என்று எழுதும் எதுவும் அங்கே கற்பனை. மூக்கு நுனியிலிருந்து குதத்துடுப்புத் தொடங்கும் இடம் வரை அளப்பதே இந்தக் குடும்பத்துக்கு உலகம் முழுவதும் உள்ள முறை. அந்தக் குறு நீளத்தை முழு நீளத்துக்கான சமன்பாட்டில் போட்டால் எடை பல மடங்கு குறைந்து வரும். நீள வகை தெளிவாக எழுதப்படாத வரியை இந்தக் குடும்பத்தில் எடுக்கவே கூடாது. வாள்மீனுக்கும் இதே கவனம் தேவை: கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் கவை வரை, வாள் போன்ற மூக்கைச் சேர்த்தால் போச்சு.

எண் சரியாக இருந்தாலும் மீனின் நிலை கணக்கைக் குழப்பும். ஆழத்திலிருந்து வேகமாக ஏறும் மீனில் காற்றுப்பை விரிந்து இரைப்பை வாய்வழியே வெளித்தள்ளும். உள்ளே இருந்த இரை கடலில் கொட்டிவிடும். வயிறு பானையாய் உப்பியிருக்கும், எடையோ குறைந்திருக்கும். ஆகவே சுற்றளவை வைத்து எடை ஊகிக்கும் பழைய வழி இங்கே உதவாது. வெளித்தள்ளிய இரைப்பை வாயைத் திறந்து வைத்திருப்பதால் தாடை முன்னே நீளும். இரைப்பையை ஒதுக்கி வாயை மூடிவிட்டுத்தான் அளக்க வேண்டும். செண்ட்ரோபோரஸ் போன்ற ஆழச் சுறாக்களில் ஈரல் மட்டுமே உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும். ஈரலை எடுத்துவிட்டு இறக்கிய சுறாவுக்கு முழு உடல் சமன்பாடு செல்லாது. செவுள், குடல் எடுத்த மீனுக்கும் அப்படியே. குடல் நீக்கிய எடைக்குத் தனிச் சமன்பாடு வேண்டும், அல்லது பத்துப் பதினைந்து மீனை முன்னும் பின்னும் நிறுத்து விகிதம் எடுக்க வேண்டும். பல நாள் ஐஸில் கிடந்த மீன் நீளத்திலும் எடையிலும் மாறும். ஆழத்து மீன் பலவற்றின் சதையில் நீர் கூடுதல் என்பதால் உறைந்து உருகும்போது ஒழுகலும் கூடுதல். எந்த நிலையில் அளந்தது என்று தாளில் ஒரு நிரல் ஒதுக்கிவிடுங்கள்.

பலகை, தராசு பற்றியும் சொல்ல வேண்டும். எண் அங்கேதான் பிறக்கிறது. தச்சரிடம் செய்வித்த மரப்பலகை போதும், ஆனால் பூச்சியம் தலைத்தடையின் உட்பக்கத்திலேயே தொடங்க வேண்டும். கடையில் வாங்கிய நாடாவை ஒட்டும்போது முனையின் உலோகத் தகட்டுத் தடிப்பு பூச்சியத்தைத் தள்ளிவிடும். 40 செ.மீ. மீனில் ஒரு செ.மீ. பிழை எடையில் ஏறத்தாழ ஏழரை வீதப் பிழை, 20 செ.மீ. மீனில் பதினைந்து வீதம். துணி நாடாவை உடலின் வளைவின் மேல் போட்டு அளப்பது எப்போதும் நீளத்தைக் கூட்டிக் காட்டும். தொங்கு தராசு 50 கிலோவுக்கானதென்றால் படி பெரும்பாலும் 10 கிராம். 80 கிராம் மீனில் அதுவே ஆறு வீதம் வரை ஆட்டும். சிறியவற்றுக்குச் சமையலறைத் தராசு எடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் வெளியில் தொங்கவிட்டால் எண் நிற்காது. மதில் மறைவில் மாட்டுங்கள், படகுக்குள் நிறுக்கவே வேண்டாம். சரிபார்க்க ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் போதும், போத்தலின் எடையைக் கழித்து ஒரு கிலோ வர வேண்டும். கடல் தண்ணீரை ஊற்றினால் ஏறத்தாழ 25 கிராம் கூட வரும், தராசைக் குற்றம் சொல்லாதீர்கள்.

மொத்தப் பிடியை மதிப்பிடும்போது சராசரி நீளத்தை எடுத்து மீன் எண்ணிக்கையால் பெருக்குவது பரவலான பழக்கம். அது எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். 30 செ.மீ., 50 செ.மீ. என்று இரண்டு கதிர் வடிவ மீன்: தனித்தனியே 346 கிராமும் 1,637 கிராமும், சேர்த்து இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சராசரி 40ஐ வைத்து இரட்டித்தால் 1,662 கிராம். ஒவ்வொரு மீனின் எடையையும் கணித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

அலகுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மி.மீ. அளவைச் செ.மீ. சமன்பாட்டில் போட்டால் 40 செ.மீ. மீன் 911 கிலோ வரும். அதை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்தானது மடக்கை. கட்டுரைகள் ஏயை மடக்கையாகத் தருகின்றன, சில பத்தின் அடியில், சில இயற்கை அடியில். பத்தின் அடியில் −1.95 என்பதை இயற்கை மடக்கையாக வாசித்தால் 0.0112க்குப் பதில் 0.142 வரும், எடை பன்னிரண்டு மடங்குக்கும் மேல். 831 கிராம் மீன் பத்தரைக் கிலோவாகி, பெரிய மீன் என்றே கடந்து போய்விடும்.

சொந்தத் தரவிருந்தால் சொந்தச் சமன்பாடுதான் மேல். நீளம், எடை இரண்டுக்கும் மடக்கை எடுத்துப் பிற்செலவுக் கோடு, அதாவது புள்ளிகளுக்கு மிகப் பொருந்தும் நேர்கோடு, வரையுங்கள். சாய்வு பி, வெட்டுத்துண்டு ஏயின் மடக்கை. கோட்டை விட்டு எட்ட நிற்கும் புள்ளிகள் பெரும்பாலும் எழுத்துப் பிழை, அல்லது முறிந்த வால். ஆழத் தூண்டில் சின்ன மீனை அதிகம் பிடிக்காது. 35 முதல் 50 செ.மீ. வரை மட்டும் வைத்து வரைந்த கோட்டில் பி எங்கும் அலையும், சிறிய மீன் வேறு வழியில் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டை நிறைந்த பெண் மீனைத் தனியே குறியுங்கள். மடக்கையிலிருந்து கிராமுக்குத் திரும்பும்போது எடை சற்றுக் குறைந்து வரும். எச்சங்களின் (கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் தூரங்கள்) நியம விலகல் இயற்கை மடக்கையில் 0.1 என்றால் வித்தியாசம் அரை வீதம்தான், விட்டுவிடலாம், 0.3 என்றால் நாலரை வீதம், அப்போது திருத்துங்கள்.

தீர்ப்பு கேட்டால்: ஆழத்துச் சிவப்பு மீன்களுக்கும் கலவாய்களுக்கும், கவை நீள வரியைத் தேடி எடுக்கும் பொறுமையுள்ளவர்களுக்கு ஐந்தில் நாலு. ஆழச் சுறாவுக்கு இரண்டு. அது தளத்தின் குறையல்ல, ஈரல் இல்லாமல் இறங்கும் மீனின் குறை. எலிவால் மீனுக்கு மதிப்பெண் போடுவதில் அர்த்தமில்லை. அவற்றை ஒரு கூடையில் சேர்த்து நிறுத்துவிட்டு, எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். குதத்துடுப்பு வரை ஒரு முப்பதை அளந்து வைத்தால் வளாகத்து மாணவர் யாராவது கோடு வரைய அது போதும்.