முகவரி லேபிள் டெம்ப்ளேட்: வேர்டிலும் லிப்ரேஆபிஸிலும் பல வருடம் அடித்த அனுபவம்

ஒரு சிறுபத்திரிகையின் சந்தாதாரர்களுக்கு மாதாமாதம் முகவரி அடித்து, ஒட்டி, தபாலில் சேர்ப்பது என் வேலை. ஆபீஸில் வேர்ட், வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபிஸ், இரண்டிலும் மாறி மாறி அடிக்கிறேன். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, டெம்ப்ளேட்டை ஒழுங்காக ஒரு தடவை போட்டுவிட்டால் இரண்டுமே வருடக்கணக்கில் உழைக்கும், பாடாய்ப் படுத்துவது பின்னால் முகவரிகளை வைத்திருக்கிற எக்செல் ஷீட்தான்.

முதலில் தாள். நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் பெரும்பாலும் கிடைப்பது ஏ4 தாளில் 24 லேபிள் (மூன்று வரிசை, எட்டு அடுக்கு), அல்லது 21 லேபிள். வேர்டில் லேபிள் ஆப்ஷன்ஸைத் திறந்தால் முதலில் அமெரிக்க லெட்டர் சைஸ் பட்டியல் வந்து நிற்கும், அதில் பிரபலமான 5160 என்ற லேபிள் எண் நம்மிடம் இருக்கும் ஏ4 தாளுக்கு ஒத்தே வராது. ஏவெரி என்ற லேபிள் கம்பெனியின் ஏ4 பட்டியலுக்குப் போனால் எல்7159 (63.5 × 33.9 மி.மீ., 24 லேபிள்), எல்7160 (63.5 × 38.1 மி.மீ., 21 லேபிள்) இரண்டும் நெருங்கி வரும். நெருங்கித்தான் வரும். உள்ளூர் அட்டையில் 64 × 34 என்று போட்டிருப்பான், அந்த 0.1 மி.மீ. எட்டு அடுக்கில் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும், அதோடு பிரிண்டர் வேறு தன் பங்குக்குத் தாளைக் கொஞ்சம் தள்ளி இழுக்கும். அதனால் எண்ணை நம்பாமல் ஸ்கேலை எடுத்து அளந்துவிடுவது நல்லது. அளக்கும்போது ஒரு லேபிளின் மேல் விளிம்பிலிருந்து அடுத்த லேபிளின் மேல் விளிம்பு வரை என்று அளக்காதீர்கள், முதல் லேபிளின் மேல் விளிம்பிலிருந்து கடைசி லேபிளின் மேல் விளிம்பு வரை மொத்தமாக அளந்து, எட்டு அடுக்குத் தாள் என்றால் ஏழால் வகுங்கள். அதுதான் வெர்டிகல் பிட்ச். இடது மார்ஜின், மேல் மார்ஜின், ஹரிசான்டல் பிட்ச் (அதே அளவு இடமிருந்து வலமாக), லேபிளின் அகலம், உயரம், இவ்வளவுதான் தேவை. இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி லேபிள் டப்பா மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். லிப்ரேஆபிஸில் நாம் சேமிக்கும் லேபிள் அளவு யூசர் புரொஃபைலுக்குள் போய் உட்காருகிறது, கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அடிக்கும்போது பிரிண்ட் பெட்டியில் ஃபிட் டு பேஜ் இருந்தால் எடுத்துவிட்டு ஆக்சுவல் சைஸ் அல்லது 100 சதவீதம். பிடிஎஃப் ஆக்கி அடிப்பவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். முதலில் வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் அடித்து, லேபிள் தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நல்ல தாளை வைப்பது. இதைச் சோம்பல் இல்லாமல் ஒவ்வொரு முறையும் செய்யணும்.

வேர்டில் வழி எளிது. மெயிலிங்ஸ் போய், ஸ்டார்ட் மெயில் மெர்ஜ் (ஷீட்டில் இருக்கும் முகவரிகளை லேபிள்களில் தானாக நிரப்பும் வசதி), லேபிள்ஸ், நியூ லேபிள், எண்களைப் போட்டுப் பெயர் வைத்துவிட்டால் முடிந்தது. முதல் லேபிளில் மட்டும் ஃபீல்டுகளை, அதாவது ஷீட்டிலிருந்து பெயரும் முகவரியும் வந்து உட்காரும் இடங்களை, வைத்து அலங்காரம் எல்லாம் முடித்துவிட்டு அப்டேட் லேபிள்ஸ் அழுத்தணும், அப்போதுதான் மற்ற லேபிள்களுக்கும் அது போகும். நேராகப் பிரிண்டருக்கு அனுப்பாமல், எடிட் இன்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ் கொடுத்து ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கோப்பைத் திறக்கும்போதெல்லாம் ஒரு எஸ்க்யூஎல் கட்டளையை ஓட்டலாமா என்று கேட்கும், பயப்பட ஒன்றுமில்லை, பழைய ஷீட்டோடு இணைப்பை மறுபடி பிடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஷீட்டை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். அதனால் டெம்ப்ளேட்டை ஷீட்டோடு இணைக்கும் முன்பே வெறுமையாக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

லிப்ரேஆபிஸில் ஃபைல், நியூ, லேபிள்ஸ். அளவு கொடுக்கும் பக்கம் வேர்டைவிடத் தெளிவாக இருக்கிறது, பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டும். ஷீட்டைத்தான் முதலில் டேட்டாபேஸாகப் பதிவு செய்யணும், புதியவர்கள் இங்கேதான் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஆப்ஷன்ஸ் பக்கத்தில் சின்க்ரனைஸ் கன்டென்ட்ஸ் டிக் போட மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஒவ்வொரு லேபிளையும் தனித்தனியாகத் திருத்த வேண்டி வரும்.

தமிழில் அடிப்பவர்களுக்கு லிப்ரேஆபிஸில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஃபீல்டின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தால், நீங்கள் அதைத் தேர்ந்து எழுத்துருவையும் அளவையும் மாற்றுவது ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான் சேரும், மெர்ஜ் ஆகி வரும் தமிழ் வேறு ஏதோ எழுத்துருவில் பெரிதாக வந்து நிற்கும். ஆப்ஷன்ஸில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை (தமிழ் மாதிரி எழுத்துகளுக்கான அமைப்பு) இயக்கிவிட்டு, கேரக்டர் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் பகுதியில் தமிழ் எழுத்துருவைத் தனியாகக் கொடுத்தால் சரியாகிவிடும்.

எழுத்துரு என்றதும் வரி உயரம். லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துருவைவிட மேலும் கீழும் அதிக இடம் பிடிக்கும். 34 மி.மீ. லேபிளில் 10 புள்ளியில் ஆறு வரி வைத்தால் கடைசி வரி, அதாவது பின்கோடு, வெட்டுப்படும். வரி இடைவெளியை சிங்கிளில் விடாமல் எக்ஸாக்ட்லி 12 அல்லது 13 புள்ளி என்று கொடுங்கள், கொம்பும் சுழியும் வெட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டு.

இனி ஷீட். கதவு எண் 5/12 என்று அடித்தால் எக்செல் அதை டிசம்பர் 5 ஆக்கிவிடும். அப்புறம் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் ஆக மாற்றினாலும் ஐந்து இலக்க எண் ஒன்றுதான் கிடைக்கும், கதவு எண் போனது போனதுதான். சென்னையில் புது எண், பழைய எண் என்று இரண்டும் சாய்கோடு போட்டு எழுதுகிற வழக்கம் இருப்பதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அடிக்கத் தொடங்கும் முன்பே ஷீட்டில் மேலிருந்து கீழாக அந்தப் பத்தி முழுவதையும் டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். பின்கோடும் அப்படியே: ஒருவர் 600017 என்றும் இன்னொருவர் 600 017 என்றும் அடித்திருந்தால், ஒன்று எண், ஒன்று எழுத்து, வேர்ட் முதல் சில வரிகளைப் பார்த்துப் பத்தியின் வகையை முடிவு கட்டிவிட்டு, பொருந்தாததை வெறுமையாகவோ பூஜ்ஜியமாகவோ கொண்டு வரும். பின்கோடு இல்லாத லேபிள் திரும்பி வந்தால் தபால்காரரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? சந்தா முடியும் மாதத்தையும் லேபிளின் ஓரத்தில் சிறிதாக அடிக்கிறோம், அதைத் தேதியாக வைக்காமல் 08/2026 என்று எழுத்தாகவே வைத்திருக்கிறேன், தேதியாக இருந்தால் வேர்ட் அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் போட்டு நீட்டிவிடும்.

காற்புள்ளியை ஃபீல்டுக்குப் பக்கத்தில் டெம்ப்ளேட்டில் போடாதீர்கள், ஷீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டாவது முகவரி வரி இல்லாதவர்களுக்கு ஒரு காற்புள்ளி மட்டும் தனியாகத் தொங்கும்.

பழைய பட்டியல் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் இருந்தால் கட்டாயம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது ஒரே கட்டத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருந்தால் ஆங்கிலம் கந்தலாகிவிடும், அதைக் கையால்தான் திருத்தணும், குறுக்கு வழி கிடையாது. பெங்களூரு, மும்பை முகவரிகளை ஆங்கிலத்தில் வைத்து அதற்கென்று தனி டெம்ப்ளேட் வைத்திருக்கிறேன்.

பாதி உரித்த தாள் மிச்சமாகும்போது வேர்டில் ஷீட்டின் தொடக்கத்தில் தேவையான அளவு வெற்று வரிசைகளைச் சேர்த்து ஒப்பேற்றலாம், வெற்று வரிசையிலும் ஏதாவது ஒரு பத்தியில் ஒரு எழுத்தாவது இருப்பது நல்லது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஜிலேபிள்ஸ் என்ற லேபிள் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், ஷீட்டைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்துக் கொடுத்து, எந்த லேபிளிலிருந்து தொடங்க வேண்டும் என்று அதிலேயே சொல்லிவிடலாம். லேசர் பிரிண்டரில் மட்டும் உரித்த தாளை மறுபடி விடாதீர்கள், சூட்டில் ஓரம் பிரிந்து உள்ளே ஒட்டிக்கொண்டால் ஒரு வருட லேபிள் செலவு ரிப்பேருக்குப் போகும். மிச்சமானவற்றை நான் கையால் எழுதித்தான் தீர்க்கிறேன், புது சந்தா ஒன்றிரண்டு நடுவில் வரும்போது அதற்கே சரியாக இருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர் விண்டோஸில் இருந்தால், ஷீட்டும் எக்செலில் இருந்தால், வேர்டிலேயே இருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் அதற்காக வாங்க வேண்டாம், லிப்ரேஆபிஸில் ஒரு மாலை உட்கார்ந்து அந்த டேட்டாபேஸ் பதிவையும் காம்ப்ளெக்ஸ் எழுத்துருவையும் முடித்துவிட்டால் போதும். எதில் அடித்தாலும் மெர்ஜ் செய்யும் முன் ஷீட்டைப் பின்கோடு வரிசையில் அடுக்குங்கள், ஒட்டி முடித்ததும் கட்டுகள் ஊர்வாரியாகத் தானே பிரிந்து கிடக்கும்.