‘கடல்நீரிலும் வளரும் தக்காளி’ விதை: யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்

பாக்கெட்டின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘கடல்நீரிலும் வளரும் தக்காளி’. பின்பக்கத்தில் ‘கலாபகோஸ் தீவுகளின் காட்டு ரகம்’. விவரம் அவ்வளவுதான். என் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வழக்கமான தக்காளியை வைத்தால் இலை ஓரம் கருகும், காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும். அதனால் இப்படி ஒரு வாசகத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதல் புகார் முளைப்பு பற்றி. மற்றத் தக்காளி விதையைப் போல மண்ணில் தூவினால் இது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். விதை செத்துப்போனது என்று முடிவு கட்டாதீர்கள், இதன் மேல்தோல் முரடு. இந்தச் செடியின் சொந்த ஊரான அந்தப் பசிபிக் கடல் தீவுகளில் ராட்சத ஆமைகள் பழத்தைத் தின்கின்றன. அவற்றின் குடலைக் கடந்து வெளியே வரும் விதை நன்றாக முளைக்கிறது. தக்காளி ஆய்வாளர் சார்லஸ் ரிக், பறவையியலாளர் போமனோடு சேர்ந்து 1961இல் இதைக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ஆமை வளர்க்காதவர்களுக்கு வீட்டு பிளீச் திரவம் இருக்கிறது. பாதி பிளீச், பாதி தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை கழுவி விதைக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன், முளைத்தது. ஆனால் பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆமைக் கதையைப் போட்டிருந்தால் விற்பனைக்கும் உதவியிருக்குமே!

அடுத்தது அந்தக் கடல்நீர் வாசகம். பொய் என்று சொல்ல மாட்டேன். 1976இல் ரஷ், எப்ஸ்டீன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், கலாபகோஸ் காட்டுத் தக்காளி கடல்நீர் அளவு உப்புள்ள ஊட்டக் கரைசலில் பிழைத்தது. ஒப்பிட வைத்த பயிர்த் தக்காளி பெரும்பாலும் அதில் பாதி உப்பைத் தாண்டவில்லை. சரி, பிழைத்தது என்றால் என்ன? உயிரோடு நின்றது. இரண்டுக்குமே வளர்ச்சி குறைந்தது, காட்டுச் செடிக்குக் குறைவாகக் குறைந்தது, அவ்வளவுதான். பாக்கெட்டைப் படிப்பவர் கூடை கூடையாகப் பழம் பறிப்பதாக நினைத்துக்கொள்வார்.

உப்பை இது கையாளும் விதம்தான் எனக்குப் பிடித்தது. பயிர்த் தக்காளி சோடியத்தை இலைப் பக்கம் வரவிடாமல் தடுக்கப் பார்க்கும். உப்பு ஏறினால் தடுப்பு உடைந்து இலை கருகும். காட்டுச் செடி சோடியத்தை உள்ளே விட்டு, வேண்டாத சாமானைப் பரணில் ஏற்றுவது போல இலைச் செல்களின் நுண்குமிழ்களில் ஒதுக்கிவிடுகிறது. அந்த உப்பே செடி தண்ணீரை இழுக்கவும் உதவுகிறது. என் தொட்டிகளில் ஒரே தண்ணீர் குடித்த பக்கத்துத் தக்காளி இலை சுருண்டு நிற்க, இது பச்சையாகவே நின்றது. பயிர்த் தக்காளிக்கு மண் சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு, சுருக்கமாக ஈ.சி.) மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் சுமார் 10 சதவீதம் சரியும். கடல்நீர் 50 பக்கம் இருக்கும். ஈ.சி. மீட்டர் இருப்பவர்கள் தங்கள் கிணறு எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நடுத்தர உப்புக்கு இந்த விதையே தேவைப்படாமல் போகலாம்.

பழம்? கோலிக்குண்டைவிடச் சிறிது, ஆரஞ்சு நிறம். புளிப்பும் இனிப்பும் உண்டு, கூடவே ஒரு காட்டு நெடி. இலையைத் தொட்டாலே அந்த நெடி கையில் ஒட்டிக்கொள்ளும். சமையலுக்காக வாங்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு குறை. கலாபகோஸில் இரண்டு இனங்கள் உண்டு: சொலானம் சீஸ்மேனியே, சொலானம் கலாபகென்ஸ். எது என்று பாக்கெட்டில் இல்லை. எனக்கு வந்த செடியின் இலை பொடிப்பொடியாகப் பிளந்திருந்தது, கணுக்கள் நெருக்கம், மயிர் அதிகம். கலாபகென்ஸ் என்றுதான் நினைக்கிறேன். உப்புத் தாங்கும் திறன் ஒரே இனத்துக்குள்ளேயே சேகரித்த இடத்துக்கு இடம் மாறும். கடற்கரையோரம் எடுத்த விதையா, உள்மேட்டில் எடுத்ததா என்று தெரியாமல் ‘கடல்நீர்’ என்று அச்சடிப்பது நியாயமில்லை.

ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்களுக்கும், சொந்தமாக ரகம் உருவாக்கும் கிறுக்கு உள்ளவர்களுக்கும் வாங்கச் சொல்வேன். இது பயிர்த் தக்காளியோடு சுலபமாகக் கலக்கும். இதன் மகரந்தத்தை உங்களுக்குப் பிடித்த ரகத்தில் வைத்துப் பிறகு பலமுறை தாய் ரகத்தோடே திரும்பக் கலக்கினால், பழம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள், காட்டுத் தக்காளியின் கலப்பு வாரிசுகளை வேர்ச்செடியாக வைத்து மேலே நல்ல ரகத்தை ஒட்டலாம்; உப்பு நிலத்தில் இந்த வழியை ஆய்வாளர்களும் முயன்றிருக்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். இனப் பெயரையும், விதை எடுத்த இடத்தையும், பிளீச் குறிப்பையும் அச்சடித்தால் நான்காவதையும் தருகிறேன்.