கடைத்தொகுதியா, புளோக் கீழ்க்கடையா?

சிங்கப்பூரில் சொந்தமாகத் துணிக்கடை போட நினைப்பவர் வாடகைத் தொகையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

கடைத்தொகுதியில் (மால்) அடிப்படை வாடகையோடு விற்பனையிலும் ஒரு பங்கு கேட்பது வழக்கம். 1 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் எல்லாச் செலவும் போக 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விற்பனைக்கு 6 வெள்ளி மிஞ்சும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1 வெள்ளி லாபத்தில் ஆறில் ஒரு பங்கு! இதற்கு மேல் பராமரிப்பு, விளம்பரக் கட்டணங்கள். கடை நேரத்தையும் பெரும்பாலும் கடைத்தொகுதி நிர்வாகமே முடிவு செய்யும். கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமை இரவிலும் ஆள் நிற்க வேண்டும், சம்பளம் ஓட வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளக் கடையில் பொதுவாக மாத வாடகையோடு சரி. தீபாவளிக்கு எவ்வளவு விற்றாலும் பங்கு கேட்க ஆளில்லை. ஆனால் வழிப்போக்கர் குறைவு, பேட்டைவாசிகள் பேரம் பேசுவார்கள்.

55 வயது வரையிலான உள்ளூர் ஊழியருக்கு முதலாளி சம்பளத்தின் மேல் கட்டும் 17 விழுக்காடு மத்திய சேமநிதி (ஊழியரின் கட்டாயச் சேமிப்பு) இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் வரும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் அப்படியே.

சேலை போலத் தேடி வந்து வாங்கும் சரக்குக்கு என் தேர்வு புளோக். கண்ணில் பட்டால்தான் விற்கும் கைப்பேசி உறைக்குக் கடைத்தொகுதி.