குடிக்கு நல்ல வைத்தியம், தம்முக்கு ஒன்றுமில்லை

அண்ணனைக் குடி மறக்க ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம், பல இடங்களில் இதே கதைதான் என்று கேள்வி. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: கைநடுக்கம், தூக்கமின்மை எல்லாவற்றையும் டாக்டர் பக்குவமாகப் பார்த்தார், சாப்பாடு சுத்தம், வீட்டு ஆட்களையும் உட்காரவைத்துப் பேசிய கவுன்சலிங் உருப்படியாக இருந்தது.

சிகரெட் விஷயம்தான் எரிச்சல். சேர்க்கும்போதே அதற்கென்று தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். காலை டீக்குப் பிறகு ஒன்று, மதியம் ஒன்று என்று வார்டன் எண்ணித் தருவார், சொன்ன பேச்சு கேட்காவிட்டால் அன்றைக்கு ஒன்று குறையும். அவர் எடுத்து நீட்டுகிற அதே பாக்கெட்டில் புகையை விட அழைக்கச் சொல்லி 1800-11-2356 என்ற இலவச எண் அச்சாகியிருக்கிறது! இந்த வார்டனே அங்கே சிகிச்சை எடுத்துக் குடியை விட்டவர்தான், கொல்லைப்புறத்தில் நோயாளிகளோடு சேர்ந்து பற்றவைப்பார். "நானே ஊதிக்கிட்டு அவங்கள எப்படி விடச் சொல்றது" என்று சிரிக்கிறார், அதுவும் நியாயம்தான்.

கவுன்சலரிடம் கேட்டால், "முதல்ல குடிய விடட்டும், ரெண்டையும் ஒண்ணா நிறுத்தினா ஆள் தாங்கமாட்டார், மறுபடி குடிக்கப் போயிடுவார்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார், ஆனால் தவறு. 2004-ல் 19 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், போதை சிகிச்சையோடு சேர்த்துப் புகையை விடவும் உதவி பெற்றவர்கள் குடி, போதைப்பொருளிலிருந்து நீண்டநாள் விலகியிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. மின்னசோட்டாவில் குடிக்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1996-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இறந்தவர்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகையிலை காரணம், குடிக்குப் பங்கு மூன்றில் ஒன்றுதான். குடியிலிருந்து காப்பாற்றிப் புகைக்குக் கொடுப்பதற்கா இவ்வளவு பாடு?

ஒரே ஒரு நர்ஸ் பொண்ணு மட்டும், அண்ணன் வாய்விட்டுக் கேட்டதும், டாக்டரிடம் பேசி நிகோடின் சூயிங்கம் வாங்கவைத்தது. "சும்மா மென்னுகிட்டே இருக்கக் கூடாதுண்ணா, காரம் தெரிஞ்சதும் கன்னத்துல ஒதுக்கி வைங்க, அடங்கினதும் திரும்ப மெல்லுங்க, டீ குடிச்சா கால்மணி நேரம் கழிச்சுப் போடுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது. மற்றவர்களுக்கு அது தங்கள் வேலையே இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஈரல் டெஸ்ட் உட்பட எல்லாம் இருக்கிறது, புகை பற்றி ஒரு வரி கிடையாது.

குடிக்கு மட்டும் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். தம்மையும் விடவேண்டும் என்றால் சேர்க்கும் அன்றே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், வார்டனிடம் சிகரெட் காசு கட்டாதீர்கள். ஐந்துக்கு மூன்று.