ஏவிஆர் போதுமா, தனி ஆம்ப் வேண்டுமா, அசெம்பிள் செட்டா? ஹோம் தியேட்டருக்கு எத்தனை வாட்?

ஸ்பீக்கரை வாங்கி வீட்டில் இறக்கிய பிறகுதான் நிறையப் பேர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி யோசிக்கிறார்கள். உடனே கேட்பது, "எத்தனை வாட் இருந்தால் போதும்?" அதற்குப் பதில் சொல்ல இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி எவ்வளவு, சோஃபா அதிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது. இது தெரியாமல் வாட்டைப் பற்றிப் பேசுவது, எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்காமல் அரிசி அளக்கிற மாதிரி.

ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறதோ, அதுதான் சென்சிடிவிட்டி. 8 ஓம் ஸ்பீக்கரில் அந்த 2.83 வோல்ட் என்பது 1 வாட். கெஃப் எல்எஸ்50 மெட்டாவுக்கு இது 85 டெசிபல். கிளிப்ஷ் ஆர்பி-600எம் ஸ்பீக்கருக்குக் கம்பெனி சொல்வது 96. இவ்வளவு பெரிய எண்களில் அறைச் சுவர் தரும் உதவியும் சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு நான் 3 கழித்துவிடுவேன், ஆக 93. வித்தியாசம் 8 டெசிபல்தான். ஆனால் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்கு வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. அந்தக் கணக்கில் கிளிப்ஷ் 10 வாட்டில் கொடுக்கிற சத்தத்துக்குக் கெஃப் 60 வாட்டுக்கு மேல் கேட்கும்.

இப்போது சோஃபா. பத்தடி, அதாவது 3 மீட்டர் என்று வையுங்கள். திறந்த வெளியில் அந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபல் குறையும், வீட்டு ஹாலில் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் ஆறரை குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். சினிமா தியேட்டரின் ரெஃபரன்ஸ் அளவு என்பது சப்வூஃபர் நீங்கலாக ஒவ்வொரு சேனலிலும் உச்சத்தில் 105 டெசிபல் (சேனல் என்றால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாகப் போகும் ஒலி, சப்வூஃபர் என்றால் கனமான பேஸுக்கு மட்டுமான பெட்டி). அதை எட்ட மேலே சொன்ன கிளிப்ஷுக்கு 70 வாட் போதும், கெஃபுக்கு 450 வாட் வேண்டும். அந்தக் கெஃபுக்குக் கம்பெனியே பரிந்துரைக்கும் ஆம்ப் 40 முதல் 100 வாட் வரைதான், அதனால் அங்கே பெரிய ஆம்ப் வாங்குவது தீர்வே இல்லை. ஆனால் வீட்டில் யாரும் அந்த அளவில் படம் பார்ப்பதில்லை. 10 டெசிபல் குறைத்து வைத்தாலே ஹால் நிறைந்துவிடும். அப்போது கிளிப்ஷுக்கு 7 வாட், கெஃபுக்கு 45 வாட். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், விற்பனையாளர் சொல்வது பாதி தானாகவே வடிகட்டப்பட்டுவிடும்.

சரி, முதல் வழி, ஏவிஆர் ஒன்றே, அதாவது டிகோடர், வால்யூம், எல்லாச் சேனலுக்குமான ஆம்ப் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கிற ரிசீவர். என் கருத்தில் 12-க்கு 16 அடி ஹால், 88 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர், தனி ஆம்ப் உள்ள சப்வூஃபர் என்று இருக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கிராஸ்ஓவரை, அதாவது பேஸ் சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் அதிகச் சக்தி கேட்கும் கனமான பேஸ் எல்லாம் சப்வூஃபரின் சொந்த ஆம்புக்குப் போய்விடும், ஏவிஆர் மூச்சு விடும். ஏவிஆரில் கவனிக்க வேண்டியது வாட்டை எப்படி அளந்தார்கள் என்பது. "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல்" என்று பொடி எழுத்தில் இருந்தால் (டிஸ்டார்ஷன் என்றால் ஒலிச் சிதைவு) பெரிதாக அச்சிட்ட 140, 150 வாட்டை மறந்துவிடுங்கள். "8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல்" என்ற வரியைத் தேடுங்கள், நம்பத்தக்க எண் அதுதான். நம் ஊரில் 90-களில் டேப்ரிக்கார்டர் மேல் ஒட்டியிருந்த பிஎம்பிஓ வாட் (கண நேர உச்சத்தை ஊதிச் சொன்ன எண்) ஞாபகம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்காவில் இந்த ஏமாற்றைத் தடுக்க 1974-லேயே விதி கொண்டுவந்தார்கள், 2024-ல் அதை இன்னும் இறுக்கி, 8 ஓமில் முழு அலைவரிசைக்கும் 1 சதவீதத்துக்குக் குறைவான டிஸ்டார்ஷனோடு அளந்துதான் சொல்ல வேண்டும் என்றார்கள்.

இன்னொன்று. அதிக வாட்டுக்காக மேல் மாடல் ஏவிஆர் வாங்குவது வீண். டெனான் எக்ஸ்1700எச் 80 வாட், எக்ஸ்3800எச் 105 வாட். விலையில் எவ்வளவோ தூரம், சத்தத்தில் வித்தியாசம் 1.2 டெசிபல். பக்கத்தில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேட்டால்தான் தெரியும். மேல் மாடலுக்குக் காசு கொடுப்பது சேனல் எண்ணிக்கைக்காக, அறைக்கு ஏற்றபடி ஒலியைச் சரிசெய்யும் ரூம் கரெக்‌ஷனுக்காக, முக்கியமாக எல்லாச் சேனலுக்கும் பின்னால் இருக்கிற பிரீ-அவுட்டுக்காக (வேறு ஆம்புக்குச் சிக்னல் எடுத்துக் கொடுக்கும் சாக்கெட்). சின்ன மாடலில் சப்வூஃபருக்கு மட்டும்தான் பிரீ-அவுட். நாளைக்குத் தனி ஆம்ப் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இதை இன்றைக்கே பார்த்து வாங்க வேண்டும், பிறகு செய்ய வழியில்லை.

இரண்டாவது வழி, அந்தப் பிரீ-அவுட்டிலிருந்து தனி பவர் ஆம்ப். இது யாருக்கு? சென்சிடிவிட்டி 86-க்குக் கீழே உள்ள 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு, சோஃபா பதினைந்து அடி தள்ளி இருப்பவருக்கு. ஓம் விஷயத்தில் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. மேலே சொன்ன எல்எஸ்50 மெட்டா 8 ஓம்தான், ஆனால் 3.5 ஓம் வரை இறங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. அந்த இடத்தில் கரண்ட்டை அள்ளிக் கொடுக்க வேண்டும். ஏழு சேனலுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் ஏவிஆர் அங்கேதான் திணறுகிறது. திணறினால் அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட அலையில் ஹை ஃப்ரீக்வென்சி கூடும், அது ஹை ஃப்ரீக்வென்சிக்கான சின்ன ஸ்பீக்கருக்கு, அதாவது ட்வீட்டருக்குப் போகும். ஸ்பீக்கர் எரிந்து போவது பெரிய ஆம்பால் மட்டும் என்று நினைக்காதீர்கள். சின்ன ஆம்பை முழு வால்யூமில் மணிக்கணக்காக வைத்தும் எரியும். அதே சமயம் ஏவிஆரில் இருக்கும் 4 ஓம் செட்டிங்கைப் போட்டால் சரியாகிவிடும் என்பதும் பொய், பெரும்பாலும் அது வோல்டேஜைக் குறைத்துச் சூட்டை அடக்குகிறது, அவ்வளவுதான்.

தனி ஆம்பில் மலிவான வழி மேடைக்குச் செய்த ஆம்ப். கிரௌன் எக்ஸ்எல்எஸ் 1002 சேனலுக்கு 8 ஓமில் 215 வாட், 4 ஓமில் 350 வாட் தருகிறது. அந்த வாட்டுக்கு ஹை-ஃபை கம்பெனிகள் கேட்கும் விலையை நினைத்தால் இது எங்கேயோ கீழே. குறை, உள்ளே ஃபேன் இருக்கிறது, படத்தில் அமைதியான காட்சி வரும்போது காதில் விழலாம். நம் ஊர் அஹுஜா மாதிரி கோயில், மண்டப ஆம்ப் வீட்டில் சும்மா கிடக்கிறது என்றால், அதன் 100 வோல்ட் லைன் டெர்மினலில் வீட்டு ஸ்பீக்கரை மாட்டிவிடாதீர்கள், அது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஹார்ன், தூண் மாதிரி நீளமான காலம் (column) ஸ்பீக்கர்களுக்கானது.

மூன்றாவது, இப்போது ஆன்லைனில் குவிந்து கிடக்கும் கையளவு கிளாஸ் டி ஆம்ப் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து சிக்னலைப் பெருக்கும் வகை). பெரும்பாலானவற்றில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப். சிப் நல்ல சிப், சூடு குறைவு, ஷோகேஸுக்குள் வைத்தாலும் தாங்கும். ஆனால் 300 வாட் வீதம் இரண்டு சேனல் என்று போட்டிருந்தால் கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 48 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 240 வாட். இரண்டு சேனலுக்கும் சேர்த்துத் தொடர்ந்து அதைத் தாண்டி எப்படி வரும்? அடாப்டர் 32 வோல்ட் என்றால் இன்னும் குறைவு. இதையெல்லாம் தெரிந்து வாங்கினால் முன் இரண்டு ஸ்பீக்கருக்கு அருமையான பொருள்.

கடைசியாக அசெம்பிள் செட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி, ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துக் கட்டிய 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) இன்றைக்கும் எத்தனையோ வீட்டில் ஓடுகிறது, அதை நான் மட்டமாகப் பேச மாட்டேன். 5200, 1943 டிரான்ஸிஸ்டர் ஜோடி போட்ட போர்டு ஒழுங்காகக் கட்டினால் நன்றாகவே பாடும். சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று டிகோடர், அதாவது டிஜிட்டல் ஒலியைச் சேனல் வாரியாகப் பிரிக்கும் போர்டு: டிவியின் ஆப்டிகல் வயரில் சாதாரண டால்பி டிஜிட்டல்தான் வரும், ஓடிடி அனுப்பும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) அதில் வராது. இன்னொன்று டிரான்ஸ்ஃபார்மர். 24-0-24, 5 ஆம்பியர் போட்டுவிட்டுச் சேனலுக்கு 100 வாட் என்பார்கள். அந்த 24 வோல்ட் டிசியாகும்போது 34, இழப்பு போக உச்சத்தில் 30 வோல்ட் கிடைத்தால், 8 ஓமில் 56 வாட்தான் வரும். அதுவும் ஆறு சேனலும் ஒன்றாக அடித்தால் மொத்தம் 240 விஏ உள்ள டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது.

அதனால் நல்ல மெக்கானிக் கிடைத்தவர்களுக்கு நான் சொல்வது வேறு: 5.1 முழுவதையும் அவரிடம் கட்டாதீர்கள். பிரீ-அவுட் உள்ள ஏவிஆர் ஒன்றைப் பழையதாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள், அவரிடம் இரண்டு சேனல் பவர் ஆம்ப் மட்டும் கட்டச் சொல்லுங்கள். 35-0-35, 8 ஆம்பியர் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஹீட்சிங்க், சேனலுக்கு 8 ஓமில் 120 வாட் பக்கம் நிஜமாகவே வரும். அதில் ரிலே வைத்த ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு டிரான்ஸிஸ்டர் ஷார்ட் ஆனால் 49 வோல்ட் டிசி நேராக வூஃபர் காயிலுக்குப் போகும், ஆம்பை ஆஃப் செய்ய எழுந்து போவதற்குள் காயில் கருகிவிடும்.