பிஎஸ்பியில் இணையம்: இன்று எவ்வளவு தேறும்?

சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியில், 2005-இல் 2.00 ஃபர்ம்வேரோடு (கருவியின் உள் மென்பொருள்) வந்த இணைய உலாவியைப் பற்றியது இது. முதல் தடை வைஃபைதான். பிஎஸ்பிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 802.11பி என்ற பழைய வைஃபை வகை மட்டுமே தெரியும், டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை புரியாது. ரூட்டரில் பழைய டபிள்யூபிஏ பாதுகாப்போடு தனி கெஸ்ட் நெட்வொர்க் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். 802.11பி ஆதரவை ரூட்டரில் அணைத்து வைத்திருந்தால் இணைப்பு கிடைக்காது. கருவியின் வைஃபை சுவிட்சையும் ஒருமுறை பாருங்கள். இ1000 மாடல் வாங்கியவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அதில் வைஃபையே கிடையாது!

இணைந்த பிறகும் எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த) தளங்கள் பெரும்பாலும் திறக்காது, அதற்குத் தேவையான டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை இல்லாததே காரணம். வெறும் எச்டிடிபி பக்கங்கள் வரும். முதல் மாடலின் ராம் 32 எம்பிதான். படம் நிறைந்த பக்கமென்றால் நினைவகம் போதவில்லை என்று பாதியில் நின்றுவிடும். படங்களை அணைத்துவிட்டு ஒரே டேபில் பாருங்கள். மூன்று டேப் திறக்கலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். 480×272 திரைக்கு, பக்கத்தைத் திரை அகலத்துக்குள் அடக்கும் ஸ்மார்ட்-ஃபிட் காட்சியே வசதி. சதுர பட்டனை அழுத்தியபடி அனலாக்கை நகர்த்தினால் பக்கம் நகரும், இது அருமையாக அமைந்திருக்கிறது. தட்டச்சு கொடுமை: பழைய பட்டன் ஃபோன்போல ஒரே விசையில் பல எழுத்துகள். விளையாட வாங்குங்கள், உலாவிக்காக வேண்டாம்.